சோதனை அல்ல, சாதனையே!

நடுவர் அவர்களே, நான் பேசத் தொடங்கும் முன்பே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'அணி விட்டு அணி மாறி ஆடும் கூடைப்பந்து வீரரின் வாழ்வு சாதனையா, சோதனையா?' என்பது தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் அவையைக் கலங்கவைத்துவிட்டார். பெட்டியைப் பிரிக்கும் முன்பே மீண்டும் கட்ட வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி மாறும், ரசிகருக்குப் பெயர் மனத்தில் பதிவதற்குள் ஆள் போய்விடுவார் என்றார். கடைசியில் 'பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்' என்ற பழமொழியையும் வீசிவிட்டு அமர்ந்தார். கைத்தட்டல் பலமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பழமொழி, மரம் தேடி அலைகிற தச்சனுக்குச் சொன்னது. நான் சொல்லப்போகிறவரை மரக்காரர்கள் தேடி வந்தார்கள். அதில் ஒருவர் இரண்டாவது முறையும் வந்தார், அதுவும் விலை கொடுத்து.

அவர் பெயர் இஷ் ஸ்மித். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துக்காரர். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழக அணியின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர். உயரம் ஆறடி. நம் தெருவில் நெட்டை, என்.பி.ஏ. என்னும் அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீகில் குட்டை. அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010ஆம் ஆண்டு 60 பேரின் பெயர்களை வாசித்தார்கள். அதில் அவர் பெயர் இல்லை. அப்படிப்பட்டவர் ஹூஸ்டன், மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஆர்லாண்டோ, மில்வாக்கி, பீனிக்ஸ், ஓக்லஹோமா சிட்டி, பிலடெல்பியா, நியூ ஆர்லியன்ஸ், டெட்ராய்ட், வாஷிங்டன், சார்லட், டென்வர் என்று 13 அணிகளுக்கு ஆடினார். என்.பி.ஏ. வரலாற்றில் அதற்கு முன் எவரும் 12 அணிகளைத் தாண்டியதில்லை.

பதின்மூன்று அணிகளில் பன்னிரண்டு அணிகள் கைவிட்ட ஆள் என்று எதிரணி கணக்குப் போடுகிறது. கைவிட்டார்கள் என்றால் எப்படி என்றும் பார்க்க வேண்டாமா? என்.பி.ஏ.வில் அணிகளின் மொத்த ஊதியத்துக்கு வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டி நிற்கும் அணி ஒரு வீரரை வாங்க வேண்டுமானால், கிட்டத்தட்ட அதே அளவு ஊதியம் பெறுகிற ஆட்களைப் பதிலுக்கு அனுப்பியாக வேண்டும். அந்தக் கணக்கை நேர்செய்யப் பலர் பெட்டி கட்டுகிறார்கள். 'என்னை மாற்றக் கூடாது' என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் கேட்பதற்கே லீகில் எட்டு ஆண்டுகளும் அதே அணியில் நான்கு ஆண்டுகளும் ஆடியிருக்க வேண்டும். அது கோபி பிரயன்ட், டிர்க் நொவிட்ஸ்கி போன்ற வெகுசில நட்சத்திரங்களுக்கே வாய்த்தது. ஆகவே ஒருவர் மாற்றப்பட்டார் என்பதிலிருந்து அவருடைய திறமையைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது. அணி நிர்வாகத்தின் பணக் கணக்கு வேண்டுமானால் தெரியலாம்.

இனி விலை கொடுத்து வந்த மரக்காரர். 2015 பிப்ரவரியில் ஓக்லஹோமா சிட்டி அணி ஸ்மித்தை நியூ ஆர்லியன்சுக்கு மாற்றியது. நியூ ஆர்லியன்ஸ் அவரை ஓர் ஆட்டம்கூட ஆடவிடாமல் சில நாட்களிலேயே விடுவித்தது. எதிரணி நண்பர்கள் இந்த இடத்தில் கைக்குட்டையை எடுக்கலாம். பிலடெல்பியா அவரை எடுத்துக்கொண்டது. அந்தப் பருவம் முடிந்ததும் பிலடெல்பியாவும் தக்கவைத்துக்கொள்ளவில்லை. அவர் மறுபடி நியூ ஆர்லியன்சுக்குப் போய், இந்த முறை நன்றாகவே ஆடினார்.

அடுத்த பருவத்தில் பிலடெல்பியாவுக்கு என்ன ஆயிற்று? முதல் 31 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி! உயரமான இளம் வீரர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய நொடியில் பந்தைக் கொடுக்க ஆள் இல்லை. அந்த நிர்வாகமோ எதிர்கால டிராஃப்ட் உரிமைகளைச் சேர்த்துக் குவிப்பதில் பேர் போனது. தோற்கும் அணிக்கு டிராஃப்டில் முன்னுரிமை என்பதால், தோற்றாலும் பரவாயில்லை என்று இருந்தது. அப்படிப்பட்டவர்கள் 2015 டிசம்பர் 24 அன்று, இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகளைத் தூக்கிக் கொடுத்து, சில மாதங்களுக்கு முன் சும்மா விட்ட அதே மனிதரைத் திரும்ப வாங்கினார்கள். இரண்டு நாள் கழித்து பீனிக்ஸில் ஆட்டம். பிலடெல்பியா வென்றது!

பருவம் முடிவில் அந்த அணிக்கு 10 வெற்றிகள், 72 தோல்விகள். மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வரும் முன் 31 ஆட்டங்களில் ஒன்று, வந்த பின் 51 ஆட்டங்களில் ஒன்பது. அவருடைய கணக்கில் ஆட்டத்துக்குச் சுமார் 15 புள்ளிகள், 7 அசிஸ்டுகள், அதாவது மற்றவர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்துகள். அந்தக் கோடையில் டெட்ராய்ட் அவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்தது. இதற்குப் பெயர் சோதனையா, நடுவர் அவர்களே? இந்தச் சோதனை எனக்கும் ஒருமுறை வரட்டும்!

இது அவரால் எப்படி முடிந்தது என்பதுதான் முக்கியம். பாயிண்ட் கார்டாக வருபவர் புதிய பயிற்சியாளரின் ஆட்டத்திட்டங்களைத் தனக்கு மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. மற்ற நால்வர் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். ஒருவருக்கு மார்பு உயரத்தில் பந்து வேண்டும், இன்னொருவருக்கு வளையத்தின் அருகே உயர்த்தி எறிய வேண்டும், மூன்றாமவர் இடப்பக்கம் வந்தால் கை தடுமாறும். இதையெல்லாம் ஓர் ஊரில் பத்தாண்டு இருந்து கற்கும் நட்சத்திரம் உண்டு. விமானத்தில் இறங்கி மறுநாள் களத்தில் இறங்குகிறவருக்கு எத்தனை கூர்மை வேண்டும்! என் கண்ணுக்கு இரண்டாமவரே பெரிய கலைஞர்.

கடினமே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. ஜனவரி பிறந்த பிறகு தரலாம். ஓர் அணி ஒரு வீரருக்கு ஒரு பருவத்தில் இரண்டு முறைதான் தரலாம். அப்புறம் பருவம் முழுவதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் அனுப்பிவிட வேண்டும். பத்து நாளில் உன்னை நிரூபி என்பது கொடுமைதான். ஆனால் 1995இல் சக்கி பிரவுன் அந்த வாசல் வழியாகத்தான் ஹூஸ்டனுக்குள் நுழைந்தார். அதற்கு முன் யாக்கிமா என்ற சிற்றூரின் அணிக்காகச் சிறிய லீகில் ஆடிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் ஹூஸ்டன், ஆர்லாண்டோவை 4-0 என்று வீழ்த்திச் சாம்பியன் ஆனபோது பிரவுனும் அந்த அணியில் இருந்தார். அவரும் வாழ்நாளில் 12 அணிகள் கண்டவர்.

ஜோ ஸ்மித்தைச் சொல்வார்கள், தெரியும். 1995 டிராஃப்டில் முதல் ஆள், 12 அணிகள், கோப்பை இல்லை. மினசோட்டா நிர்வாகம் விதியை மீறி அவருடன் ரகசிய ஒப்பந்தம் போட்டு மாட்டிக்கொண்டது, லீக் 35 லட்சம் டாலர் அபராதம் விதித்து அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்தது. அவர் வாழ்க்கையில் விழுந்த பெரிய அடி, ஒரே ஊரில் நிலைக்க ஆசைப்பட்டதால் விழுந்தது. ஊர் மாறியதால் அல்ல. அதற்குப் பிறகும் அணி அணியாக ஆடி 16 பருவங்களை முடித்தார். அவர் எங்கள் பக்கத்துச் சாட்சி. எதிரணி அழைத்து வரட்டும், நன்றி.

இஷ் ஸ்மித்துக்கு வருகிறேன். 2021இல் பிறந்த ஊரான சார்லட்டின் அணியில் சேர்ந்தார். அடுத்த பிப்ரவரியிலேயே வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊரே அனுப்பிவிட்டது என்று எதிரணி இதை உருக்கமாகப் பாடும், பாடட்டும். வாஷிங்டன் சில மாதங்களில் டென்வருக்கு அனுப்பியது. 2023 ஜூனில் டென்வர், மயாமியை 4-1 என்று வென்று தன் முதல் என்.பி.ஏ. கோப்பையை எடுத்தது. இறுதிச் சுற்றில் ஸ்மித் அதிக நேரம் களத்தில் நிற்கவில்லைதான். ஆனால் சாம்பியன் அணியினருக்குத் தரும் மோதிரத்தில் நிமிடக் கணக்கைப் பொறிப்பதில்லை. அதே ஆண்டு, சாம்பியனாகச் சார்லட் அணிக்கே திரும்பினார், அனுப்பியவர்களே அழைத்துக்கொண்டார்கள்.

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழரிடம் ஒரு கேள்வியை விட்டுச் செல்கிறேன். 2010 டிராஃப்டில் முதல் பெயர் ஜான் வால். அவரும் வட கரோலினாக்காரர், அவரும் பாயிண்ட் கார்டு. வாஷிங்டனின் செல்லப்பிள்ளையாகப் பல ஆண்டுகள் ஒரே ஊரில் இருந்தவர், அருமையான ஆட்டக்காரர். காயங்கள் வாட்டியதில் 2023 ஜனவரியோடு அவருடைய என்.பி.ஏ. ஆட்டம் முடிந்துவிட்டது. அறுபது பேரிலும் இடம் பெறாத இஷ் ஸ்மித் 2023-24 பருவத்திலும் சார்லட்டுக்காகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார். முதல் ஆளைவிட அதிக காலம் இவர் நின்றதற்கு எதிரணி என்ன காரணம் சொல்லப்போகிறது?