உதட்டுக் கொப்புளமும் தம்பதியர் நம்பிக்கையும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உதட்டோரத்தில் கொத்தாகக் கிளம்பும் நீர்க்கொப்புளங்களைச் சென்னையில் பலர் சூட்டுக் கொப்புளம் என்பார்கள். பூச்சி கடித்திருக்கும் என்பாரும் உண்டு. அதே கொப்புளத்துக்குக் காரணம் ஹெர்ப்பிஸ் என்ற வைரஸ் எனக் கைப்பேசியில் படித்த அன்றே, நேற்றுவரை பொருட்படுத்தாதிருந்த வீட்டில் சந்தேகம் நுழைந்துவிடுகிறது. தோல் மருத்துவராக நான் அடிக்கடி காண்பது இந்தச் சந்தேகத்தைத்தான். கொப்புளம் பத்து நாளில் ஆறிவிடும். கணவன் மனைவிக்கிடையே விழுந்த வார்த்தை அவ்வளவு எளிதில் ஆறுவதில்லை.

மணமாகிச் சில மாதங்களே ஆன ஒரு பெண், துப்பட்டா முனையால் வாயை மறைத்தபடி கணவருடன் வந்திருந்தார். கீழுதட்டின் இடது ஓரத்தில், சிவந்து தடித்த தோலின் மேல், கடுகளவுக் கொப்புளங்கள் நெருக்கமாக இருந்தன. ஒன்றிரண்டு உடைந்து தேன் நிறத்தில் பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தன. “எனக்கு இதுபோல வந்ததே இல்லை டாக்டர், இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்திருக்கும்?” என்று கணவர் கேட்டார். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. உடன் வந்திருந்த அவருடைய அம்மாவிடம், சிறு வயதில் இப்படி வந்ததுண்டா என்று கேட்டேன். “முழு ஆண்டுப் பரீட்சை வந்தாலே இவளுக்கு உதட்டில் வெடித்துவிடும் டாக்டர்” என்றார் அவர். கணவர் கேட்ட கேள்விக்கு அதுவே விடை.

இந்த வைரஸின் பெயர் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ், முதல் வகை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020-ஆம் ஆண்டில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது 64 விழுக்காட்டினர், இதை உடலில் கொண்டிருந்தார்கள். பெரும்பாலோருக்கு இது குழந்தைப் பருவத்திலேயே, வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சி முத்தமிடும்போது தொற்றிவிடுகிறது. அப்போது காய்ச்சலோடு வாயெல்லாம் புண்ணாகலாம், எந்த அறிகுறியும் இல்லாமலும் போகலாம். பிறகு அது முக நரம்பு முடிச்சில் போய்த் தங்கி, காய்ச்சல், தூக்கமின்மை, மனஅழுத்தம், மாதவிடாய் போன்ற வேளைகளில் நரம்பு வழியாக உதட்டுக்குத் திரும்பி வருகிறது. கடும் வெயிலும் இதைத் தூண்டும். அக்னி நட்சத்திர நாள்களில் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு வண்டி ஓட்டுபவர்களிடம் இதை நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு வெயில் தடுப்புள்ள உதட்டுப் பூச்சு உதவும்.

சில நாள் கழித்து அந்தக் கணவர், ரத்தப் பரிசோதனையில் உண்மை தெரியுமா என்று கேட்டார். அந்தப் பரிசோதனை, உடலில் வைரஸ் எப்போதோ நுழைந்திருக்கிறது என்பதைக் காட்டலாம். எந்த ஆண்டில், யாரிடமிருந்து என்பதை எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. வைரஸ் தொற்றிப் பல ஆண்டுகள் கழித்தே முதல் கொப்புளம் தோன்றுவதும் உண்டு. ஆகவே உதட்டுக் கொப்புளத்தை ஒருவருடைய ஒழுக்கத்துக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது மருத்துவ அறிவுக்கும் பொருந்தாது, நியாயத்துக்கும் பொருந்தாது.

அதற்காகப் பரவாது என்று நான் சொல்லவில்லை. கொப்புளம் எழுவதற்கு ஒரு நாள் முன்பே உதட்டில் குறுகுறுப்போ எரிச்சலோ தோன்றும். அந்த நேரத்திலிருந்து பொருக்கு உதிர்ந்து தோல் முழுதும் மூடும்வரை முத்தத்தைத் தவிர்க்க வேண்டும். வாய்வழி உறவையும் கட்டாயம் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அதன் மூலம் இதே வைரஸ் பிறப்புறுப்பில் புண்ணை உண்டாக்கலாம். இதைப் பேசக் கூசிக் கூசியே பல தம்பதியர் தொற்றை வாங்கிக்கொள்கிறார்கள். புண் இல்லாத நாள்களிலும் எச்சிலில் வைரஸ் சில வேளை வெளிப்படும். எனவே ஆபத்தைக் குறைக்கலாமே தவிர முழுவதும் நீக்க முடியாது. புண் இருக்கும்போது துண்டு, உதட்டுச் சாயம், குவளை ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். ஆண்டு முழுவதும் தட்டைப் பிரித்து வைத்து ஒருவரை ஒதுக்கத் தேவையில்லை. “எனக்கு உதடு குறுகுறுக்கிறது, இந்த வாரம் முத்தம் வேண்டாம்” என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருக்க வேண்டும். கேட்பவர் அதை விலக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் மாத்திரைகளைக் குறுகுறுப்புத் தோன்றிய உடனே தொடங்கினால் புண் சற்று முன்னதாக ஆறும். நரம்பில் தங்கிய வைரஸை அவை அழிப்பதில்லை. அடிக்கடி வருபவர்களுக்குத் தினமும் ஒரு மாத்திரை என்று மருத்துவர் சில மாதங்களுக்குத் தருவதுண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தயவுசெய்து தடவாதீர்கள், வைரஸ் புண்ணை அது பரப்பிவிடும். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் வெள்ளையாக வரும் சாதாரண வாய்ப்புண் வேறு நோய், அது தொற்றாது.

புண்ணைத் தொட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் கருவிழி பாதிக்கப்படலாம். கண் சிவந்து வலித்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை போன்ற இடத்துக்கு அன்றே செல்லுங்கள். எல்லாவற்றையும் விட நான் அஞ்சுவது பச்சிளங்குழந்தைகளைப் பற்றித்தான். பிறந்து நான்கு வாரத்துக்குள் இந்த வைரஸ் தொற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். உதட்டில் கொப்புளம் உள்ள தாய், மார்பில் புண் இல்லையெனில், கையைக் கழுவி, முகக்கவசம் அணிந்து தாராளமாகப் பாலூட்டலாம், முத்தமிடக் கூடாது. குழந்தை பார்க்க வரும் அத்தைக்கும் தாத்தாவுக்கும் இதே விதிதான், அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பைத் தந்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.