ஒன்பது மணிக் கட்டில்

நேயர்களுக்கு வணக்கம். உடலுக்குள் கேமராக் குழாய் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோபிப் பிரிவில் நோயாளிகளுக்கு நாள் குறித்துக் கொடுக்கும் செவிலியர் நான்.

காலை 9 மணிக்கு ஒரு கொலனோஸ்கோபி, அதாவது அந்தக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை. கட்டிலில் புது விரிப்பு விரித்தாயிற்று. கிருமி நீக்கிய கருவி தயார், டாக்டரும் தயார். நோயாளியை மட்டும் காணோம். பத்து மணிக்காரரை முன்னதாக வரச் சொல்லலாமே என்பீர்கள். அவர் பேதி மருந்தின் இரண்டாம் பங்கைக் குடித்துவிட்டுக் கழிப்பறையில் இருப்பார்! குடல் சுத்தமாகாமல் பரிசோதனை செய்ய முடியாது. அதனால் அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

“மறந்திருப்பார்” என்று சொல்லிவிடுவது எங்களுக்கு வசதி. அப்படி ஒருவரை நான் தொலைபேசியில் அழைத்தேன். அவர் மறக்கவில்லை. மருந்துகூட வாங்கி வைத்திருந்தார். “துணைக்கு யார் வருவதாக இருந்தது, ஐயா?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அதுதான் அம்மா...” என்று இழுத்தார். மயக்க மருந்து கொடுத்தவரை நாங்கள் தனியே வீட்டுக்கு அனுப்புவதில்லை. அடுத்த 24 மணி நேரம் அவர் வண்டியும் ஓட்டக் கூடாது. தனியாக வாழ்கிறவர், நாள் குறித்த சீட்டில் துணைக்கு ஆள் வேண்டும் என்றிருந்த அந்த ஒற்றை வரியிலேயே நின்றுவிட்டார். யாரிடமும் உதவி கேட்கக் கூச்சம்.

நினைவூட்டக் குறுஞ்செய்தி அனுப்பினால் போதாதா என்பீர்கள். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், ஒருவர் வராவிட்டால் மருத்துவச் சேவைக்கு எவ்வளவு நஷ்டம் என்பதையும் நினைவூட்டும் செய்தியில் சேர்த்தார்கள். வராதவர்கள் 11.1 சதவீதத்திலிருந்து 8.4 ஆகக் குறைந்தார்கள். நல்லதுதான். ஆனால் துணைக்கு ஆளில்லாதவரிடம் நஷ்டக் கணக்குச் சொல்லி என்ன பயன்?

ஆகவே ஒரு வாரம் முன்பே அழைத்துக் கேள்வியாகக் கேட்கிறேன். உடன் வருவது யார்? பேதி மருந்தை எத்தனை மணிக்குக் குடிப்பீர்கள்? “தெரியும்” என்றால் விடுவதில்லை. அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் அப்போதே கேட்டாக வேண்டும். சிலவற்றை நிறுத்துவதென்றால் பல நாள் முன்பே நிறுத்த வேண்டும், அதுவும் டாக்டர் சொன்னால் மட்டுமே. முந்தின நாள் மாலை போகும் செய்தியால் இதில் எதையும் சரிசெய்ய முடியாது.

வர இயலாவிட்டால் அதைச் சொல்வதற்கும் வழி வேண்டும். ரத்து செய்ய அழைப்பவரை இருபது நிமிடம் இசை கேட்க வைத்துவிட்டு, “நோயாளிகளுக்குப் பொறுப்பில்லை” என்று அலுத்துக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. வராதவருக்கு அபராதம் போடுவதும் அப்படித்தான். பணத்துக்குப் பயந்தவர் அடுத்த முறை நாள் வாங்கவே வர மாட்டார்.

துணைக்கு ஆளில்லாத அந்தப் பெரியவருக்கு, டாக்டரின் சம்மதத்துடன், மயக்க மருந்து இல்லாமலே செய்ய ஏற்பாடாயிற்று. தனியாகத்தான் வந்தார். திரையைப் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். டாக்டரும் சளைக்காமல் பதில் சொன்னார். அன்று பத்து மணிக்காரர்தான் வெளியே காத்திருக்க வேண்டியதாயிற்று.