மாக்பெத்: சூனியக்காரிகள் 'கொல்லு' என்று சொல்லவே இல்லை

[கறுப்புத் திரை. இடிச் சத்தம். எழுத்து வருகிறது: மாக்பெத், ஷேக்ஸ்பியர் நாடகம், சுமார் 1606]

வணக்கம் நண்பர்களே. தருமபுரியிலிருந்து பேசுகிறேன். பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிற தம்பி தங்கைகள் பரீட்சை நெருங்கினால் தவறாமல் அனுப்புகிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, மாக்பெத் கெட்டது விதியாலா, பேராசையாலா, இல்லை பொண்டாட்டி பேச்சைக் கேட்டா?" கைடில் மூன்றுக்கும் தனித்தனித் தலைப்பு போட்டு, கடைசியில் 'பேராசை பெருநஷ்டம்' என்று முடித்திருப்பார்கள். மார்க் வாங்க அது போதும். ஆனால் பேராசைக்காரன் கெட்டுப்போன கதைதான் வேண்டுமென்றால் ஸ்காட்லாந்து வரை எதற்குப் போக வேண்டும்? நம்ம பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில், பதினெட்டாம் போர் முடிந்து படுகளம் அன்றைக்கு, மண்ணில் அத்தனை பெரிய துரியோதனனைப் படுக்க வைக்கிறோமே, அவன் போதாதா? ஆசைப்பட்டான், எடுத்துக்கொண்டான், தொடையில் அடிபட்டு விழுந்தான். செய்ததை நினைத்து ராத்திரி தூக்கம் வராமல் புரண்டான் என்று எந்தக் கூத்து வாத்தியாரும் பாடி நான் கேட்டதில்லை. மாக்பெத்துக்குத் தூக்கம் போய்விடுகிறது. அந்த வித்தியாசம்தான் இந்த நாடகம்.

[பொட்டல் வெளி. மூன்று நிழல்கள்.]

கதை தெரியாதவர்களுக்கு வேகமாக. ஸ்காட்லாந்து ராஜா டங்கன், வயசானவர், நல்ல மனுஷன். அவருடைய தளபதி மாக்பெத், கிளாம்ஸ் சீமைக்குப் பிரபு. போரில் ஜெயித்துவிட்டு இன்னொரு தளபதி பாங்க்வோவோடு திரும்பி வருகிறான். வழியில் மூன்று சூனியக்காரிகள். "கிளாம்ஸ் பிரபுவே வாழ்க, காடர் பிரபுவே வாழ்க, இனிமேல் ராஜா ஆகப்போகிறவனே வாழ்க" என்கிறார்கள். பாங்க்வோ, "அப்போ எனக்கு?" என்று கேட்க, "நீ ராஜா ஆகமாட்டாய், ஆனால் உன் வம்சத்தில் ராஜாக்கள் வருவார்கள்" என்று சொல்லிவிட்டுக் காற்றில் கரைந்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் அரண்மனை ஆட்கள் வந்து, துரோகம் செய்த காடர் பிரபுவின் பட்டம் இனி உங்களுக்கு என்கிறார்கள். அப்புறம் கொலை, பட்டாபிஷேகம், இன்னும் கொலைகள், கடைசியில் மாக்டஃப் என்கிற இன்னொரு பிரபு கையில் சாவு.

இப்போது அந்தப் பொட்டல் வெளிக்கே திரும்ப வாருங்கள். அந்த வாக்கை இன்னொரு தடவை கேளுங்கள். கொலை என்று ஒரு வார்த்தை வந்ததா? டங்கன் பெயராவது வந்ததா? விடியற்காலையில் வாசலில் நின்று 'நல்ல காலம் பொறக்குது' என்று சொல்லிவிட்டுப் போகிற குடுகுடுப்பைக்காரர், எதிர்வீட்டுக்காரன் பத்திரத்தைத் திருடச் சொல்லிவிட்டா போகிறார்? அது கேட்டவன் மண்டைக்குள் இருந்து வருவது. மாக்பெத்துக்கு அந்த இடத்திலேயே முடி சிலிர்க்கிறது, நெஞ்சு விலாவில் முட்டி அடிக்கிறது, கொலை என்ற வார்த்தையை முதலில் உச்சரிப்பது அவன்தான், அதுவும் தனக்குத்தானே. நல்ல செய்தி கேட்ட மனுஷன் ஏன் பயப்பட வேண்டும்? அந்த எண்ணம் ஏற்கனவே உள்ளே படுத்திருந்தது, அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்துவிட்டது என்றுதான் நான் படிக்கிறேன்.

அதே வாக்கை, அதே இடத்தில், அதே நிமிஷம் பாங்க்வோவும் கேட்டான். அவன் சொல்வது வேறு: கெட்ட சக்திகள் சின்ன விஷயத்தில் உண்மை சொல்லி நம்மை நம்பவைத்து, பெரிய விஷயத்தில் கவிழ்த்துவிடும். அவனும் ஆசையே இல்லாத சாமியார் கிடையாது, ராத்திரியில் கெட்ட நினைப்பு வருகிறது, அதை அடக்கிக் கொடு என்று வேண்டிக்கொள்கிறான். பிற்பாடு மாக்பெத்மேல் சந்தேகம் வந்தும் வாயைத் திறக்கவில்லை, அது அவன் கணக்கில் ஒரு கறைதான். ஆனாலும் கத்தியை எடுக்கவில்லை. விதி என்று சொல்கிறவர்கள் முதலில் பாங்க்வோவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மாக்பெத்தே ஆரம்பத்தில் என்ன சொல்கிறான் தெரியுமா? எனக்கு ராஜயோகம் இருந்தால் நான் கையைக் காலை ஆட்டாமலே வந்து சேரட்டும் என்கிறான். எவ்வளவு நல்ல யோசனை! அதையே பிடித்துக்கொண்டிருந்தால் நாடகமே இல்லை. அடுத்த காட்சியில் டங்கன் தன் மகன் மால்கமை வாரிசு என்று அறிவிக்கிறார், அந்த நிமிஷமே இவனுக்கு விதிமேல் இருந்த பொறுமை போய்விடுகிறது. நட்சத்திரங்களே, உங்கள் வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள், என் கறுத்த ஆசையை யாரும் பார்க்க வேண்டாம் என்கிறான்.

நாம் இதெல்லாம் கேட்டுப் பழகியவர்கள்தான். வள்ளுவர் ஊழ் அதிகாரத்தில் ஊழைவிட வலியது எது என்று கேட்டுவிட்டு, 620ஆம் குறளில் சோர்ந்துபோகாமல் உழைக்கிறவன் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பான் என்கிறார். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கிறது, நமக்கு அது சங்கடமாகவே தெரிவதில்லை. மாக்பெத் செய்கிற தில்லுமுல்லு வேறு மாதிரி. நாற்காலி தனக்கு என்று சொன்ன வாக்கு பலிக்கும் என்று நம்புகிறான், பாங்க்வோ வம்சத்துக்கு என்று சொன்ன வாக்கு பலிக்கக் கூடாது என்று ஆள் வைத்துப் பாங்க்வோவையும் அவன் பையன் ஃப்ளியன்ஸையும் கொல்லப் பார்க்கிறான். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்த வாக்கு! தனக்குச் சாதகமானது மட்டும் விதி, மற்றது தடுத்துவிடக்கூடிய தொந்தரவு. பாங்க்வோ சாகிறான், பையன் இருட்டில் தப்பிவிடுகிறான்.

[ஒரு கடிதம். விளக்கு வெளிச்சம்.]

சரி, மனைவி. எல்லாப் பழியையும் அந்த அம்மா தலையில் போடுவது ரொம்ப வசதி. அந்த வாக்கைப் பற்றி மாக்பெத் எழுதி அனுப்பிய கடிதத்தைப் படித்ததும் அவர் சொல்வது இதுதான்: உனக்கு ஆசை இருக்கிறது, அதற்கு வேண்டிய கெட்ட புத்திதான் இல்லை. புருஷனை அவ்வளவு சரியாக எடை போட்டவர் அந்த நாடகத்தில் வேறு யாரும் இல்லை. டங்கன் அவர்கள் கோட்டைக்கே விருந்தாளியாக வருகிறார். மாக்பெத் தனியாக நின்று கணக்குப் போடுகிறான்: அவர் என் சொந்தக்காரர், என் ராஜா, என் வீட்டு விருந்தாளி, கதவைச் சாத்திக் காவல் காக்க வேண்டிய நானே கத்தி தூக்குவதா? கொல்லாமல் இருக்க இத்தனை காரணம். கொல்ல ஒரே காரணம், துள்ளிக் குதிக்கும் ஆசை, அதுவும் தாவுகிற வேகத்தில் சேணத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துவிடும் என்று அவனே சொல்கிறான். மனைவியிடம் போய், இதை இத்தோடு விட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிடுகிறான். அதற்கு அவர் நாட்டைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ வாதாடுவதே இல்லை. உன் அன்பும் இவ்வளவுதானா, நீயெல்லாம் ஆம்பளையா என்கிறார். அங்கேதான் அவன் விழுகிறான். தப்பு என்று தெரியாமல் செய்தவன் கிடையாது இவன். தப்பு என்று பாயிண்ட் பாயிண்டாகச் சொல்லிவிட்டுப் போய்ச் செய்தவன். குற்ற உணர்வு கொலைக்கு முன்னாடியே வந்துவிட்டது, காற்றில் தொங்கும் கத்தி கண்ணுக்குத் தெரிகிறதே, அது கொலைக்கு முந்தி.

இனி நான் ரொம்ப நேரம் நிற்கப்போகிற காட்சி. இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. கொலையை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவே இல்லை. மாக்பெத் கையில் ரத்தத்தோடு இறங்கி வருகிறான், மனைவி இருட்டில் காத்திருக்கிறார். பேச்சைக் கேளுங்கள்.

"முடித்துவிட்டேன். சத்தம் எதுவும் கேட்டதா?"
"ஆந்தை கத்தியது. நீங்கள் ஏதும் பேசினீர்களா?"
"எப்போது?"
"இப்போதுதான்."
"நான் இறங்கி வரும்போதா?"
"ஆமாம்."

அவ்வளவுதான். பக்கம் பக்கமாகப் பேசத் தெரிந்த இரண்டு பேர், ஒற்றை ஒற்றை வார்த்தையில் ஒருத்தரை ஒருத்தர் தடவிப் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்து அறையில் யாரோ தூக்கத்தில் 'கடவுளே காப்பாற்று' என்றார்களாம், இவனுக்கு 'ஆமென்' சொல்ல வரவில்லையாம், அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான், எனக்கு ஏன் சொல்ல வரவில்லை? பிறகு ஒரு குரல், மாக்பெத் தூக்கத்தைக் கொன்றுவிட்டான் என்று. கடல் முழுக்கத் தண்ணீர் இருந்தாலும் இந்தக் கை கழுவுமா என்கிறான். அவர் சொல்கிறார்: கொஞ்சம் தண்ணீர் போதும். அந்தக் 'கொஞ்சம் தண்ணீரை' மறந்துவிடாதீர்கள். இன்னொன்று, தூங்கும்போது அந்தக் கிழவர் என் அப்பா மாதிரி இருந்திராவிட்டால் நானே செய்திருப்பேன் என்று இவர் ஒரு வரி சொல்வார், நிறைய பேர் கவனிக்காமல் போகிற வரி. இரும்பு மாதிரி பேசுகிற அம்மாவுக்குள் விரிசல் அங்கேயே தெரிந்துவிட்டது.

உடனே கதவு தட்டுகிற சத்தம். தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். திறக்க வருவது ஒரு குடிகார வாயில்காப்போன், தன்னை நரகத்தின் வாசல்காரனாக நினைத்துக்கொண்டு ஜோக் அடிக்கிறான். ராஜா செத்துக் கிடக்கும்போது காமெடியா என்று முகம் சுளித்த விமர்சகர்கள் உண்டு. விடியவிடியக் கூத்து பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது, நம்ம கட்டியக்காரன் அழுகைக்கு நடுவில் புகுந்து சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவன்தானே. அந்த ஆள் பேச்சில் 'இரட்டை அர்த்தத்தில் சத்தியம் பண்ணுகிறவன்' என்று ஒருத்தன் வருவான். 1605இல் பார்லிமென்டை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி நடந்து, 1606இல் அது சம்பந்தமாக ஒரு பாதிரியார் மேல் விசாரணை நடந்தபோது, அந்த மாதிரி மழுப்பல் பேச்சுதான் லண்டன் முழுக்கப் பேச்சாக இருந்தது. சூனியக்காரிகள் பேசுவதும் அதே மழுப்பல்தான்.

[இரண்டு உருவங்கள், எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன.]

இதற்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் இடம் மாறுகிறார்கள். பாங்க்வோவைக் கொல்லப் போவதை மனைவியிடம் அவன் சொல்லவே இல்லை, உனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது, முடிந்ததும் பாராட்டு என்கிறான். அன்று இரவு விருந்தில் பாங்க்வோவின் ஆவி வந்து அவன் நாற்காலியிலேயே உட்காருகிறது, அவனுக்கு மட்டும் தெரிகிறது. அங்கே கடைசியாகப் பயப்படுகிறான். ரத்தத்தில் இவ்வளவு தூரம் நடந்துவிட்டேன், திரும்பிப் போவதும் கரையேறுவதும் ஒரே அலுப்புதான் என்று முடிவு கட்டி, மாக்டஃப் ஊரில் இல்லாத நேரம் அவன் மனைவி பிள்ளைகளைக் கொல்ல ஆள் அனுப்புகிறான். அதில் யோசனையும் இல்லை, காற்றில் கத்தியும் இல்லை. பயத்தின் ருசியே மறந்துபோச்சு என்று பின்னால் சொல்வான்.

மாக்பெத் கீழே போட்ட சுமையை அவன் மனைவி தூக்கிக்கொள்கிறார். ஐந்தாம் அங்கம், முதல் காட்சி. ராத்திரி, கையில் மெழுகுவர்த்தி, கண் திறந்திருக்கிறது ஆனால் தூக்கம். பக்கத்தில் எப்போதும் விளக்கு எரிய வேண்டும் என்று உத்தரவாம். கை கழுவுகிற மாதிரி தேய்க்கிறார், சில நாள் கால் மணி நேரம்கூட இப்படித் தேய்ப்பார் என்று பணிப்பெண் வைத்தியரிடம் சொல்கிறாள். கொஞ்சம் தண்ணீர் போதும் என்றவர், அரேபியாவின் அத்தர் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்கிறார். அந்தக் கிழவருக்குள் இவ்வளவு ரத்தம் இருக்கும் என்று யார் நினைத்தார்கள் என்கிறார். அப்புறம் ஒரு வரி, எனக்கு இதுதான் நாடகத்திலேயே பயங்கரமான வரி: மாக்டஃபுக்கு ஒரு மனைவி இருந்தாளே, அவள் இப்போது எங்கே? அந்தக் கொலையில் இவருக்குப் பங்கே இல்லை. புருஷன் செய்ததும் இவர் தூக்கத்தில்தான் வந்து சேர்கிறது. வைத்தியர் கையை விரித்துவிடுகிறார்.

நம்ம பாண்டியனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. சிலப்பதிகாரத்தில் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் 'யானே கள்வன்' என்று சொல்லி அரியணையிலேயே உயிர் விடுகிறான், கூடவே கோப்பெருந்தேவியும். குற்ற உணர்வும் சாவும் ஒரே மூச்சில், புருஷனும் மனைவியும் சேர்ந்தே. மாக்பெத் வீட்டில் அது அணு அணுவாக நடக்கிறது, ஆளுக்கு ஒரு மூலையில். மனைவி செத்த செய்தி வரும்போது அவன் போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறான், இன்னொரு நாள் செத்திருக்கலாம் என்கிறான், நாளை நாளை என்று நாட்கள் ஊர்ந்து போவதைப் பற்றிப் பேசுகிறான். அழுகை வரவில்லை.

நடுவில் மாக்பெத் மறுபடியும் சூனியக்காரிகளிடம் போய்க் கேட்டு வந்த கடைசி வாக்குகள் இரண்டு உண்டு. பர்னம் காடு நடந்து வந்தால்தான் தோல்வி, பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் ஆபத்தில்லை. எதிரிப் படை மரக்கிளைகளை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு வருகிறது, காடு நடந்துவிட்டது. மாக்டஃப், தாய் வயிற்றை அறுத்து எடுக்கப்பட்டவன். கேட்டதும் மாக்பெத், உன்னோடு சண்டை வேண்டாம் என்கிறான். சரணடைந்தால் கூண்டு மிருகம் மாதிரி காட்சிக்கு வைப்போம் என்று மாக்டஃப் சொன்னதும், கேடயத்தை முன்னால் பிடித்து, எல்லாம் எனக்கு எதிராக இருந்தாலும் கடைசியாக ஒரு கை பார்த்துவிடுகிறேன் என்று இறங்குகிறான். எந்த வாக்கின் தயவும் இல்லாமல் அவன் சொந்தமாக எடுத்த முடிவு இது ஒன்றுதான். கொலைகாரன்மேல் நமக்கு மரியாதை வரவைத்துவிடுகிறார் ஷேக்ஸ்பியர், இதை நான் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்கிறேன்.

நிஜ மாக்பெத் இப்படி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1040இல் டங்கன் செத்தது போரில், படுக்கையில் இல்லை. மாக்பெத் 1057 வரை ஆண்டான். ஷேக்ஸ்பியர் பார்த்து எழுதிய ஹோலின்ஷெட் வரலாற்றில் பாங்க்வோ கொலைக்கு உடந்தை, நாடகத்தில் அவன் நல்லவன். காரணம் ரொம்ப சிம்பிள்: 1603இல் இங்கிலாந்துக்கும் ராஜாவான ஸ்காட்லாந்து ஜேம்ஸ் தன்னைப் பாங்க்வோ வம்சம் என்று சொல்லிக்கொண்டவர், சூனியம் பற்றி 1597இல் புத்தகமே போட்டவர். நாடகம் முடியும்போது பட்டத்துக்கு வருவது மால்கம், ஓடிப்போன ஃப்ளியன்ஸ் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை. அந்த வாக்கு பலித்ததா என்று அன்றைக்கு லண்டனில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது, நாட்டை ஆண்டுகொண்டிருந்ததே அந்த வம்சம் என்றுதான் சொன்னார்கள்.

முழுசாகப் படிக்க நேரமில்லாதவர்கள் நான் சொன்ன அந்த இரண்டு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பாத்திரமாக, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இரண்டாம் அங்கக் காட்சியை மட்டும் குரலைத் தாழ்த்தி. ஹாஸ்டலில் படித்தால் வார்டன் கதவைத் தட்டுவார், அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கும்.