காயீன் என்ன சொன்னான்?

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு ஒரே ஒரு வசனத்தைப் பத்திதான் பேசப்போறேன், ஆதியாகமம் 4:8. ஆதாமோட மூத்த மகன் காயீன் தம்பி ஆபேலைக் கொல்ற இடம். தமிழ் பைபிள்ல காயீன் ஆபேலோட "பேசினான்"னு இருக்கும், நாமளும் தாண்டிப் போயிருவோம். ஆனா எபிரேயத்துல இருக்குறது "வயோமெர்", அதாவது "சொன்னான்". சொன்னான்னா என்ன சொன்னான்னு அடுத்து வரணும்ல? வரலை. நேரா வயல்ல நிக்கிறாங்க, கொலை நடந்துருது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "வயலுக்குப் போவோம்"னு ஒரு வரி போட்டு அதைச் சரிக்கட்டிருச்சு.

ரபிமார், அதாவது யூத வேத ஆசிரியர்கள், சரிக்கட்டலை. சுமார் 5ஆம் நூற்றாண்டுல கலிலேயா பக்கம் தொகுத்த மித்ராஷ் நூல், அதாவது வேத வசனங்களுக்கு ரபிமார் சொன்ன விளக்கங்களோட தொகுப்பு, பெரேஷித் ரப்பா, அதுல இவங்க கேக்குற கேள்வியே ரெண்டு பேரும் எதுக்காக அடிச்சுக்கிட்டாங்கங்கிறதுதான்.

முதல் பதில் பாகப்பிரிவினை. ஒருத்தன் நிலத்தை எடுத்துக்கிட்டான், இன்னொருத்தன் அசையும் சொத்தை. "நீ நிக்கிற மண்ணு என்னுது"ங்கிறான் ஒருத்தன். "நீ போட்டிருக்கிற துணி என்னுது, கழட்டு"ங்கிறான் மத்தவன். "அப்ப அந்தரத்துல பற"ங்கிறான் இவன். எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும், மொத்த உலகத்துக்கும் வாரிசு ரெண்டே பேரு, அப்பவும் நிக்க இடமில்ல.

இன்னொரு ரபி சொல்றாரு, அதெல்லாம் சமமாத்தான் பிரிச்சாங்க, சண்டை எருசலேம் ஆலயத்தை யார் பங்குல கட்டுறதுன்னு. ஆதாரம்? "வயல்"ங்கிற சொல்லு! மீகா 3:12ல சீயோன், அதாவது எருசலேம், வயல்வெளி மாதிரி உழப்படும்னு வருது, அதையும் இதையும் முடிச்சுப் போடுறாரு. கி.பி. 70ல ரோமர்கள் ஆலயத்தை இடிச்சு சில நூற்றாண்டு கழிச்சு அதே மண்ணுல இருந்துக்கிட்டு இதைச் சொல்றாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

மூணாவது, ஒரு பொண்ணு. ஆபேலோட ரெட்டையாப் பொறந்தவ, அவளை யார் கட்டிக்கிறதுன்னு சண்டை. காயீன் "நான் மூத்தவன்"ங்கிறான், ஆபேல் "அவ என்கூடப் பொறந்தா"ங்கிறான். மூணையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வச்சிருக்காங்க, எது சரின்னு தீர்ப்பு கிடையாது.

அடுத்து 4:10. உன் தம்பியோட ரத்தம் மண்ணுலேருந்து கூப்பிடுதுன்னு கடவுள் காயீன்கிட்ட சொல்ற இடம். அங்க எபிரேயத்துல ரத்தம் பன்மையில இருக்கு, "ரத்தங்கள்". சுமார் கி.பி. 200ல தொகுத்த யூதச் சட்ட நூல் மிஷ்னாவுல, மரண தண்டனை வழக்குல சாட்சி சொல்ல வர்றவனை முதல்ல இந்தச் சொல்லை வச்சே பயமுறுத்தச் சொல்லியிருக்கு: உன் பொய்ச் சாட்சியால ஒருத்தன் செத்தா அவன் ரத்தம் மட்டுமில்ல, அவனுக்குப் பொறந்திருக்க வேண்டிய எல்லாரோட ரத்தமும் உன் தலையிலதான். அதோட விடலை, இன்னொரு அர்த்தமும் உண்டுன்னு சேர்த்திருக்காங்க, ஆபேலோட ரத்தம் மரத்து மேலயும் கல்லு மேலயும் தெறிச்சுக் கெடந்துச்சாம், அதனாலதான் ரத்தங்கள்.