மண்ணும் தராசும் சோப்புக் கட்டியும்: வீட்டுக்குள் ஒரு சிந்துவெளி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பெற்றோரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

பள்ளியில் சிந்துவெளிப் பாடம் நடக்கும் வாரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதை எல்லோரும் அறிவோம். தெர்மாகோல் அட்டையும் நீலத்தாளும் வாங்கி வரப்படுகின்றன. பத்து மணிக்குக் குழந்தை உறங்கிவிடுகிறது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை நள்ளிரவில் அப்பா கட்டி முடிக்கிறார். மறுநாள் அது பள்ளிக்குப் போய் மதிப்பெண் வாங்கிக்கொண்டு பரணுக்கு வந்து சேர்கிறது. நானும் பல ஆண்டுகள் வரலாற்று ஆசிரியராக இருந்து அத்தகைய குளங்களுக்கு மதிப்பெண் போட்டவன்தான். ஆகவே அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அந்தக் குளம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தெர்மாகோல் காய்ந்து விரியாது, நனைந்து கரையாது, நீரைக் கசிய விடாது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்பு மண்ணோடும் நீரோடும் மல்லுக்கு நின்ற மனிதர்களுக்கு எழுந்த கேள்விகளில் ஒன்றுகூட அதைச் செய்பவருக்கு எழ வாய்ப்பில்லை.

மொகஞ்சதாரோவின் குளம் சுமார் 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் கொண்டது. நீர் கசியாமல் இருக்க, சுட்ட செங்கற்களை ஜிப்சம் கலந்த காரையால் நெருக்கமாக இணைத்து, தார் போன்ற நிலக்கீலும் பூசியிருக்கிறார்கள். இந்த வாக்கியத்தைக் குழந்தை மனப்பாடம் செய்வதற்கு முன்பு, கையளவு களிமண் தொட்டி ஒன்றைச் செய்து, வெயிலில் காயவைத்து, அதில் ஒரு தம்ளர் நீரை ஊற்றிப் பார்க்கட்டும். சற்று நேரத்தில் தொட்டி குழைந்து உட்காரும். அடுத்த தொட்டிக்கு உட்புறம் மெழுகு உருக்கிப் பூசலாமா என்று குழந்தையே கேட்டால் (உருக்குவதைப் பெரியவர்கள் செய்யுங்கள்), நிலக்கீல் எதற்கு என்று நாம் விளக்க வேண்டிய தேவை இருக்காது.

செங்கல்லும் அப்படித்தான். சிந்துவெளிச் செங்கற்களின் உயரம், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்தவை; வீடுகளுக்குப் பெரும்பாலும் 7, 14, 28 சென்டிமீட்டர் அளவில் இருந்தன. அட்டையால் ஓர் அச்சு செய்து 2, 4, 8 சென்டிமீட்டரில் ஐம்பது கற்களை அறுக்கச் சொல்லுங்கள். முதல் பத்துக் கற்கள் வெடிக்கும். நறுக்கிய வைக்கோலைக் கலந்தபின் வெடிப்பு குறையும். பிறகு சுவர் எழுப்பும்போது, குறுக்கே வைத்த இரண்டு கற்கள் நீளவாக்கில் வைத்த ஒரு கல்லின்மேல் பிசகாமல் பொருந்துவதையும், அதனால் ஒரு வரிசையின் இணைப்பின்மேல் அடுத்த வரிசையின் இணைப்பு விழாமல் பார்த்துக்கொள்ள முடிவதையும் குழந்தை கையால் உணரும். தெருவில் வீடு கட்டும் கொத்தனாரிடம் அழைத்துச் சென்றால் அவர் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

வீட்டில் செய்யத்தக்கவற்றுள் தலையாயது எடைக்கல் என்பது என் கருத்து. மொகஞ்சதாரோவிலும் ஹரப்பாவிலும் கிடைத்த எடைக்கற்கள் செர்ட் என்னும் கடினமான கல்லைக் கனசதுரமாக வெட்டி மெருகேற்றியவை. அவற்றின் எடைகள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துச் செல்கின்றன. மிகுதியாகக் கிடைத்தது பதினாறு அலகு எடையுள்ள கல், அதாவது சுமார் 13.7 கிராம். ஏன் பத்துப் பத்தாகச் செல்லாமல் இரட்டித்துச் சென்றார்கள்? சட்டை மாட்டும் ஹேங்கரின் இரு முனைகளிலும் சம நீளக் கயிற்றில் கொட்டாங்கச்சிகளைத் தொங்கவிட்டால் தராசு தயார். சிறுநெல்லிக்காய் அளவு களிமண்ணை ஒரு தட்டில் வைத்து, அதற்குச் சமமான இன்னோர் உருண்டையை மறு தட்டில் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் சேர்த்து வைத்து, அவற்றுக்கு ஈடாக ஓர் உருண்டை செய்தால் அது இரண்டு. இப்படியே நான்கு, எட்டு, பதினாறு. கிராம் என்ற சொல்லே இல்லாத உலகில், வெறும் தராசை வைத்துக்கொண்டு ஒரு முழு எடைத் தொகுதியை உருவாக்கிவிட முடியும் என்பதைக் குழந்தை கண்டுகொள்கிறது. ஈரம் காயக் காய உருண்டையின் எடை குறையும், ஆகவே ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும். இதையும் சொல்லாமல் விட்டு, மறுநாள் தராசு சாய்வதைப் பார்த்து அது திகைக்க விட்டால் இன்னும் நல்லது.

அந்த ஐந்து உருண்டைகளைக் கொண்டு ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எந்த எடையையும் நிறுக்கலாம். என் பேத்தி இதை நம்பாமல் பத்தொன்பதைக் கேட்டாள். பதினாறும் இரண்டும் ஒன்றும் என்று தானே எடுத்து வைத்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பாட்டி அப்போது குறுக்கிட்டு, தன் சிறுவயதில் ரூபாய்க்குப் பதினாறு அணா என்றும், அதில் பாதி எட்டணா, கால் நாலணா என்றும் சொன்னார். சிந்துவெளிக்கும் அணாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பாதி, பாதியில் பாதி என்று பங்கிடுவோருக்குப் பதினாறு வசதியான எண் என்பதே அங்கு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

முத்திரைக்கு வருவோம். அவை பெரும்பாலும் மாக்கல்லில் செதுக்கப்பட்டவை. நம் வீட்டுக் கல்சட்டியும் மாக்கல்தான். நகத்தால் கீறினால் கோடு விழும் அளவுக்கு அது மென்மையானது என்பதைத் தொட்டே காட்டலாம். குழந்தையின் கைக்கு மாக்கல்லைவிடத் துணி துவைக்கும் சோப்புக் கட்டி நல்லது. மூன்று சென்டிமீட்டர் சதுரம் வெட்டி, மழுங்கிய ஆணியால் ஒரு காளையையும் அதன்மேல் ஐந்தாறு குறிகளையும் செதுக்கிக் களிமண்ணில் அழுத்தச் சொல்லுங்கள். எல்லாம் இடவலம் மாறித் தோன்றும். இரண்டாவது முறை திருப்பிச் செதுக்கும்போது, வரியின் முடிவில் இடம் போதாமல் குறிகள் நெருங்கிச் சிறுத்துப்போகும். அதைத் தவறென்று சொல்லிவிடாதீர்கள். சிந்துவெளிப் பொறிப்புகள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டவை என்று அறிஞர்கள் முடிவு செய்ததற்குரிய சான்றுகளில் ஒன்று, சில பொறிப்புகளின் இடக்கோடியில் குறிகள் இப்படி நெருங்கிக் கிடப்பதுதான்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று குழந்தை கட்டாயம் கேட்கும். சிந்துவெளி எழுத்தை ஆராய்ந்த அறிஞர் ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில் 417 குறிகளைப் பட்டியலிட்டார். வாழ்நாளின் பெரும்பகுதியை அவற்றோடு கழித்து, சில குறிகளுக்குப் பொருளும் முன்மொழிந்தார். எனினும் எல்லோரும் ஏற்கும் வாசிப்பு இன்றுவரை இல்லை. இதைக் குழந்தையிடம் அப்படியே சொல்லிவிடுங்கள். நமக்குப் பிடித்த விடையை முடிந்த முடிவாக ஊட்டிவிட்டால் அந்தச் சோப்புக் கட்டியும் தெர்மாகோல் ஆகிவிடும்.

பேச்சு போதும். நூலகத்தின் பின்கட்டில் பிசைந்த களிமண் இரண்டு வாளியும், கொட்டாங்கச்சிகளும், ஆளுக்கொரு சோப்புக் கட்டியும் எடுத்து வைத்திருக்கிறோம். குழந்தைகள் முதலில் எழுந்து வாருங்கள். பெற்றோர் அடுத்த அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.