இலகுவான விண்டோ மேனேஜரா, முழு டெஸ்க்டாப் சூழலா?

[திரையில்: ஓப்பன்பாக்ஸ் மட்டும் இயங்கும் வெற்றுத் திரை]

வணக்கம். 2 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவ முனைவோருக்கு, க்னோம், கேடிஇ போன்ற முழு டெஸ்க்டாப் சூழல்களை விட்டுவிட்டு ஓப்பன்பாக்ஸ், ஐ3 போன்ற விண்டோ மேனேஜர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி அடிக்கடி அறிவுரை கூறப்படுகிறது. அது தவறான அறிவுரை அன்று. ஆனால், அதில் மிச்சமாகும் நினைவகத்தை, உலாவியில் நாம் திறக்கும் சில பக்கங்களே விழுங்கிவிடும். ஆகவே, ராம் அளவை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

விண்டோ மேனேஜரின் பணி மிகக் குறுகியது. சாளரங்களுக்கு விளிம்பு வரைவது, அவற்றை நகர்த்துவது, அளவு மாற்றுவது, தட்டச்சு எந்தச் சாளரத்துக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஆகியவற்றுடன் அதன் பொறுப்பு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. 1996-இல் தொடங்கப்பட்ட கேடிஇயும் 1997-இல் தொடங்கப்பட்ட க்னோமும் இவற்றோடு கோப்பு மேலாளர், அறிவிப்புகள், திரைப்பூட்டு, மின்சேமிப்பு என அன்றாடத் தேவைகள் அனைத்தையும் சேர்த்தே தருகின்றன.

[திரையில்: ஓப்பன்பாக்ஸின் ஆட்டோஸ்டார்ட் கோப்பு]

ஓப்பன்பாக்ஸை மட்டும் நிறுவினால், வைஃபை ஐகான் தெரியாது. பென்டிரைவைச் செருகினாலும் எதுவும் திறக்காது. திரைப்பூட்டைத் தனியாக அமைக்காவிட்டால், மூடியைத் திறந்ததும் கடவுச்சொல் கேட்காமலே நம் கோப்புகள் எவர் கண்ணுக்கும் தெரியும். தமிழில் தட்டச்சு செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். க்னோமில், பிறமொழித் தட்டச்சுக்கான ஐபஸ் மென்பொருளின் தமிழ்99 விசைப்பலகையை அமைப்புகள் பகுதியிலேயே சேர்த்துவிடலாம். இங்கேயோ, ஐபஸைத் தொடங்கும் வரியை, உள்நுழைந்ததும் தானாக இயங்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் ஆட்டோஸ்டார்ட் கோப்பில் நாமே எழுத வேண்டியிருக்கும். ஜிடிகே, க்யூடி என்னும் இரு நிரல் தொகுப்புகளைக் கொண்டு உருவான செயலிகளுக்கு, ஐபஸைப் பயன்படுத்தச் சொல்லும் சூழல் மாறிகளில் (செயலிகள் தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்புகளில்) ஒன்று விடுபட்டாலும், ஒரு செயலியில் தமிழ் வரும், மற்றொன்றில் வராது.

இவ்வளவு உழைப்புக்கும் தகுந்த காரணம் ஒன்று உண்டு. 2009-இல் வெளிவந்த ஐ3, புதிதாகத் திறக்கும் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று மறைக்காமல் திரையில் தானே பங்கிட்டு அடுக்குகிறது. நாள் முழுவதும் டெர்மினலிலும் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) எடிட்டரிலும் பணிபுரிபவர், சுட்டியைத் தொடாமலே அவற்றுக்கிடையே தாவலாம். என்னைப் பொறுத்தவரை, விண்டோ மேனேஜரைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த வேலைமுறைக்காகத்தான்.

பழைய கணினிக்கு இலகுவான சூழல் மட்டுமே தேவையென்றால், எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்னும் இலகுவான டெஸ்க்டாப் சூழல் போதும். ஐ3 மீது ஆர்வமிருந்தால், எக்ஸ்எஃப்சிஇயை நீக்காமல் அதனுடனேயே நிறுவுங்கள். உள்நுழைவுத் திரையில் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், ஐ3-இல் ஏதேனும் அமைப்பு பாதியில் நின்றாலும் அன்றைய வேலை தடைபடாது.