எக்ஸ்-ரே மெஷின் உண்மையில ஒரு ஹீட்டரா? படம் எடுக்கிறதுக்கு முன்னாடி வர்ற அந்தச் சத்தம் என்ன?

[திரை இருட்டு. "விர்ர்ர்ர்..." சத்தம், கூடவே ஒரு "டக்".]

இந்தச் சத்தம் ஞாபகம் இருக்கா? "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க"ன்னு சொல்லிட்டு டெக்னீஷியன் தடுப்புக்குப் பின்னாடி போயிடுவார். உடனே உள்ளே ஏதோ சுத்த ஆரம்பிக்கும். கதிருக்குச் சத்தமே கிடையாதே, அப்போ சுத்துறது எது? வணக்கம் மக்களே, இன்னைக்கு அதைப் பிரிச்சு மேஞ்சிடலாம்.

வரலாறு சட்டுபுட்டுன்னு: 1895 நவம்பர் 8, ஜெர்மனியில வூர்ட்ஸ்பர்க் நகரம், ரான்ட்ஜென் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடிச்சார். 1901-ல இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். 1913-ல அமெரிக்க விஞ்ஞானி கூலிட்ஜ் சூடான இழை வச்ச எக்ஸ்-ரே குழாயைச் செஞ்சார். இன்னைக்கும் ஆஸ்பத்திரியில இருக்கிறது அதோட வாரிசுதான்.

[படம்: குழாயின் குறுக்குவெட்டு]

காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு குழாய். ஒரு பக்கம் கேத்தோடு, அதாவது டங்ஸ்டன் இழை. அது பழுக்கச் சூடானதும் எலக்ட்ரான்கள் வெளியே வரும். எதிர்ப்பக்கம் ஆனோடு, எலக்ட்ரான் மோதுற அதோட முகமும் டங்ஸ்டன்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு லட்சம் வோல்ட் கொடுத்தா, சில சென்டிமீட்டர் தூரத்துக்குள்ள எலக்ட்ரான் ஒளியோட வேகத்துல பாதியைத் தாண்டிடும். அந்த வேகத்துல போய் ஆனோடு மேல மோதும்.

மோதினா? சில எலக்ட்ரான்கள் அணுக்கருவுக்குப் பக்கத்துல போய் வளைஞ்சு வேகம் குறையும். இழந்த ஆற்றல் எக்ஸ்-ரேயா வெளியே வரும். சிலது அணுவோட உள்கூட்டு (அணுக்கருவுக்குப் பக்கத்து அடுக்கு) எலக்ட்ரானைத் தட்டி விட்டுடும். மேல்கூட்டுல இருந்து ஒண்ணு அந்தக் காலியிடத்துக்கு இறங்கும்போதும் எக்ஸ்-ரே வரும்.

இப்பதான் விஷயமே. கொடுத்த ஆற்றல்ல எக்ஸ்-ரேயா மாறுறது வெறும் 1 சதவீதம் சுமார். மிச்ச 99? வெறும் சூடு! எந்தப் பொருளா இருந்தாலும் இந்த மார்க்குக்கு ஃபெயில்தான். ஆனா வேற நல்ல வழி இல்லாததால நூறு வருஷத்துக்கு மேல இதையே கட்டிக்கிட்டு அழறோம்.

அவ்வளவு சூடும் இறங்குற இடம் சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். சின்னதா இருந்தாத்தான் படம் கூர்மையா விழும். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி செல்சியஸ் வேணும், இருந்தும் ஒரே இடத்துல அடி விழுந்தா அதுவே உருகிடும். லென்ஸ் வச்சு வெயிலைப் பேப்பர்ல குவிச்சிருப்பீங்க இல்ல? பேப்பரை நகர்த்திக்கிட்டே இருந்தா தீப்பிடிக்காது. அதே தந்திரம்தான்: ஆனோடையே வட்டத் தட்டா செஞ்சு, நிமிஷத்துக்கு 3,000 சுத்துக்கு மேல ஓட விடுறாங்க. நீங்க கேட்ட "விர்ர்ர்" அதுதான்!

[படம்: தட்டு சுழல்கிறது, மெதுவாக]

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது. மோட்டாரோட சுருள் குழாய்க்கு வெளியே, சுத்துற பாகம் உள்ளே. நடுவுல குழாய்ச் சுவர், காந்தப்புலம் மட்டும் ஊடுருவிப் போய்ச் சுத்த வைக்குது. சரி, பேரிங்குக்கு எண்ணெய்? வெற்றிடத்துல எண்ணெய் ஆவியாகிக் குழாயையே கெடுத்துடும். அதனால எஃகு குண்டுகளுக்கு வெள்ளிப் பூச்சு! வெள்ளியை மசகா போட்டு ஓடுற மோட்டார். இதுக்காவது ஒரு லைக் போடுங்கப்பா.

குணங்கள்: எக்ஸ்-ரேக்கு மின்சுமை இல்லை, காந்தம் வச்சாலும் வளையாது, போறது ஒளியோட வேகத்துல. தூரத்தை ரெண்டு மடங்காக்கினா செறிவு நாலுல ஒரு பங்காயிடும். டெக்னீஷியன் தள்ளி நிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். எலும்பு ஏன் வெள்ளையாத் தெரியுது? அது கதிரை அதிகமா உறிஞ்சிடுறதால. அணு எண் ரெண்டு மடங்கானா உறிஞ்சுறது சுமார் எட்டு மடங்காகும். எலும்புல கால்சியம், அணு எண் 20. தசையில பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும், 6, 8. ஈயம் 82, அதான் தடுப்புச் சுவருக்குள்ள அது இருக்கு.

"படம் எடுத்து முடிச்சதும் அறையில கதிர் தங்கியிருக்குமா?" தங்காது. மின்சாரம் நின்ன அடுத்த நொடியே எக்ஸ்-ரேயும் நின்னுடும். இதை நம்பாத ஒருத்தர் உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல கண்டிப்பா இருப்பார், அங்கேயே இந்த வீடியோவைத் தட்டி விடுங்க. அடுத்தது சிடி ஸ்கேன்: இதே குழாய் உங்களையே சுத்தி வர்ற கதை.